இன்ஸ்டால் பண்ணினது நீங்க... ஸ்டார்ட் பண்ணினது யாரு?

பிரியாணிக்கு 100 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு ஆப்பை இன்ஸ்டால் செய்கிறீர்கள். கூப்பன் வேலை செய்தது, பிரியாணியும் வந்தது, சாப்பிட்டாச்சு. அத்தோடு அந்த ஆப்பை மறந்துவிட்டீர்கள். ஆனால், ஆப் உங்களை மறக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, 'சார்ஜ் ஏன் இப்படி இறங்குது?' என்று பேட்டரி பட்டியலைத் திறந்து பார்த்தால், யூடியூபுக்கும் இன்ஸ்டாவுக்கும் கீழே கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குப் பிறகு நீங்கள் அதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. அப்புறம் யார் அதை ஓட்டிக்கொண்டிருப்பது?

இன்ஸ்டால் செய்வது வேறு, ஓட விடுவது வேறு. நமக்கு இரண்டும் ஒரே பட்டன் மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். புதிதாக உள்ளே வந்த ஒரு மென்பொருள் தானாகவே ஓட ஆரம்பிக்கலாமா, நாம் சொல்லும்வரை சும்மா இருக்க வேண்டுமா? கேட்க சின்ன விஷயம்தான். இதைத் தப்பாக முடிவு செய்ததால் ஏ.டி.எம்-கள் நின்றுபோயிருக்கின்றன. எங்கள் வீட்டில் ஆறு நாள் மாத்திரை தவறியிருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

மிக்ஸியா, ஃப்ரிட்ஜா?

மிக்ஸியை பிளக்கில் செருகி வைத்திருப்போம். சட்னி அரைக்கும்போதுதான் சுவிட்சைத் திருப்புவோம். ஃப்ரிட்ஜ் அப்படியில்லை. செருகிய நிமிடத்திலிருந்து ஓட வேண்டும். ராத்திரி கரன்ட் போய் வந்தாலும், யாரும் எழுந்து போய் ஆன் பண்ணாமல் அதுவாக ஓட ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் காலையில் பால் திரிந்திருக்கும்.

ஆப்களிலும் இந்த இரண்டு ரகம் உண்டு. அலாரம், மாத்திரை நினைவூட்டல், மெசேஜ் ஆப் எல்லாம் ஃப்ரிட்ஜ் ரகம். காத்திருப்பதுதான் அவற்றின் வேலையே. போட்டோ எடிட்டர், டிக்கெட் புக்கிங், மேலே சொன்ன கூப்பன் ஆப் எல்லாம் மிக்ஸி ரகம். சிக்கல் என்னவென்றால், எல்லா மிக்ஸியும் தன்னை ஃப்ரிட்ஜ் என்று நினைத்துக்கொள்கிறது.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஆப் கம்பெனிகளுக்கு எத்தனை பேர் இன்ஸ்டால் செய்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் தினமும் திறக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. பின்னணியில் ஓடினால் ஆஃபர் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாம், அடுத்த முறை திறக்கும்போது பக்கம் சட்டென்று வருவதற்காக முன்கூட்டியே டேட்டாவை இறக்கி வைக்கலாம், அனுமதி கொடுத்திருந்தால் எங்கே இருக்கிறீர்கள் என்றும் பார்க்கலாம். ஓட முடியும் என்றால் ஓடத்தான் பார்க்கும்.

போனுக்குள் என்ன நடக்கிறது?

முதலில் நல்ல செய்தி. ஆண்ட்ராய்டு 3.1 வந்த 2011-லிருந்தே, புதிதாக இன்ஸ்டால் ஆன ஆப் 'நிறுத்தி வைக்கப்பட்ட' நிலையில்தான் உள்ளே வருகிறது. நீங்கள் ஒருமுறை கையால் திறக்கும்வரை, 'போன் ஆன் ஆகிவிட்டது' என்பது போன்ற பொது அறிவிப்புகள் எதுவும் அதன் காதில் விழாது. பிளே ஸ்டோரில் இன்ஸ்டால் செய்து, திறக்காமலே விட்டுவிட்டால் அது வெறும் இடத்தை அடைக்கும் ஃபைல்தான்.

சரி, எத்தனை பேர் ஆப்பை இன்ஸ்டால் செய்துவிட்டுத் திறக்காமல் இருப்போம்? ஒரே ஒரு முறை திறந்தால் போதும், அந்தப் பூட்டு திறந்துவிடும். பழையபடி பூட்ட வேண்டுமென்றால் செட்டிங்ஸுக்குள் போய் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுக்க வேண்டும். மறுபடி திறந்தால் மறுபடி பூட்டு போச்சு.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது இன்னொன்று. கேமரா வேண்டுமா, மைக் வேண்டுமா, லொகேஷன் வேண்டுமா என்று ஒவ்வொன்றாக நம்மைக் கேட்கிற அதே போன், 'போன் ஆன் ஆனதும் இந்த ஆப் தானாக ஓடலாமா?' என்று மட்டும் கேட்பதில்லை. ஆண்ட்ராய்டில் இதற்கென்று தனி அனுமதி இருக்கிறது. ஆனால், அது 'சாதாரண' அனுமதிகளின் வரிசையில் வருகிறது. ஆப் கேட்டிருந்தால் இன்ஸ்டால் ஆகும்போதே சத்தமில்லாமல் கிடைத்துவிடும். பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் 'அபௌட் திஸ் ஆப்' போய், கடைசியில் இருக்கும் அனுமதிகள் பட்டியலைப் பாருங்கள். 'ரன் அட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வரி இருக்கும். டார்ச் லைட் ஆப்புக்கு அது எதற்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கூகுளும் சும்மா இருக்கவில்லை. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6, திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், அசையாமல் கிடக்கும் போனில் ஆப்களைத் தூங்க வைத்தது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8, பின்னணியில் இஷ்டத்துக்கு ஓடுவதற்குக் கடிவாளம் போட்டது. அப்போதுகூட 'போன் ஆன் ஆகிவிட்டது' என்ற அறிவிப்புக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்கள். ஏன் என்பது எங்கள் அப்பா கதையில் வரும். 2022-ல் ஆண்ட்ராய்டு 13, புது ஆப்களுக்கு நோட்டிஃபிகேஷனையே ஆஃப் செய்து வைத்து, 'அனுப்பலாமா?' என்று முதலில் கேட்கச் சொன்னது.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் உடைத்துவிடலாம். மெசேஜ் வர வேண்டுமென்றால் அந்த ஆப் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. அபார்ட்மென்ட் வாசலில் ஒரே ஒரு வாட்ச்மேன் இருப்பார். கூரியர் வந்தால் எந்த வீட்டுக்கோ அந்த வீட்டுக்கு மட்டும் இன்டர்காம் அடிப்பார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. ஆப்பிள் 2009-லிருந்தே இப்படி ஒரு வாட்ச்மேனை வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் சேவை அந்த வேலையைச் செய்கிறது. அதனால், 'மெசேஜ் வராமப் போயிடும்' என்று பயமுறுத்திப் பின்னணி அனுமதி கேட்கிற ஷாப்பிங் ஆப்பை நம்ப வேண்டாம்.

ஐபோனில் கதை இன்னும் கறார். போன் ஆன் ஆனதும் தன்னை ஓட விடச் சொல்லும் வழியையே வெளி ஆப்களுக்கு ஆப்பிள் கொடுக்கவில்லை. பின்னணியில் கொஞ்சம் புதுப்பித்துக்கொள்ள 2013-ல் ஒரு வழி செய்தார்கள். அதற்கும் செட்டிங்ஸில் ஆன்/ஆஃப் இருக்கிறது.

சார்ஜ் போனால் போகட்டும்... வேறென்ன போகும்?

'ஒரு பவர் பேங்க் வாங்கிட்டா முடிஞ்சுது' என்று தோன்றலாம். பேட்டரி இதில் சின்ன இழப்பு. பெரியது வேறு. உங்களுக்குத் தெரியாமல் ஓடும் ஒன்றை, நீங்கள் அப்டேட் செய்ய மாட்டீர்கள், கவனிக்க மாட்டீர்கள், பூட்டவும் மாட்டீர்கள்.

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. 'ஸ்லாம்மர்' என்ற புழு இன்டர்நெட்டில் கிளம்பியது. அதன் மொத்த அளவு 376 பைட். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு நீளமான குட்மார்னிங் மெசேஜைவிடச் சிறியது. ஆரம்பத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை அது இரண்டு மடங்கானது. பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்த கம்ப்யூட்டர்களில் 90 சதவிகிதத்துக்கு மேல் பத்தே நிமிடத்தில் அதன் கையில். கணக்கில் வந்தவை மட்டும் குறைந்தது 75,000. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏ.டி.எம்-கள் ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்காமல் நின்றன. தென் கொரியாவில் இன்டர்நெட்டே ஸ்தம்பித்தது.

அது புகுந்த ஓட்டை மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளில் இருந்தது. அதை அடைக்கும் அப்டேட், ஆறு மாதம் முன்னாடியே, 2002 ஜூலையில் வெளியாகிவிட்டது. அப்புறமும் ஏன் இத்தனை கம்ப்யூட்டர்கள் சிக்கின? அப்டேட் போடாமல் சோம்பேறித்தனமாக இருந்தவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தன் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் ஓடுகிறது என்பதே தெரியாதவர்கள். அந்த டேட்டாபேஸின் சின்ன வடிவத்தை வேறு பல மென்பொருள்கள் தங்களோடு சேர்த்துக் கொண்டுவந்து இறக்கியிருந்தன. நாம் வாங்கியது வேறு ஏதோ ஒரு மென்பொருள். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த ஒன்று, இன்டர்நெட்டைப் பார்த்தபடி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இருப்பதே தெரியாத கதவை யார் பூட்டுவார்கள்?

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2001-ல் 'கோட் ரெட்' வந்தபோதும் இதே கதைதான். விண்டோஸ் 2000 சர்வரைப் போட்டால் வெப் சர்வரும் கூடவே வந்து ஓட ஆரம்பித்துவிடும். இந்த அடிகளுக்குப் பிறகுதான் மைக்ரோசாஃப்ட் மாறியது. விண்டோஸ் சர்வர் 2003-ல் வெப் சர்வர் தானாக இன்ஸ்டால் ஆகாது, வேண்டுமென்றால் நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். 2004-ல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-ல் ஃபயர்வால் முன்கூட்டியே ஆன் செய்யப்பட்டிருந்தது.

'இதெல்லாம் நான் ஸ்கூலுக்கே போகாத காலம்' என்பவர்களுக்கு, 2019. ஜூம் தெரியும்தானே? லாக்டௌனுக்கு முன்பே மேக் கம்ப்யூட்டர்களில் அதை இன்ஸ்டால் செய்தவர்கள் பலர். இன்ஸ்டால் ஆகும்போது அது சொல்லாமல் இன்னொரு வேலையும் செய்தது. ஒரு குட்டி வெப் சர்வரை மேக்கில் உட்கார வைத்து, பின்னணியில் ஓட விட்டது. மீட்டிங் லிங்க்கை க்ளிக் செய்தால், 'திறக்கலாமா?' என்று சஃபாரி கேட்கும் ஒரு க்ளிக்கை மிச்சப்படுத்துவதற்காக. விளைவு என்னவென்றால், ஏதோ ஒரு வெப்சைட்டைத் திறந்தாலே, அந்தப் பக்கம் உங்களைக் கேமரா ஆன் ஆன நிலையில் ஒரு மீட்டிங்கில் கொண்டுபோய் உட்கார வைக்க முடிந்தது. ஜூமை டெலீட் செய்தாலும் அந்தக் குட்டி சர்வர் போகவில்லை. போகாதது மட்டுமல்ல, ஜூமைத் திரும்ப இன்ஸ்டால் செய்யவும் அதனால் முடியும். ஜூலையில் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இதை வெளியே சொன்ன சில நாள்களில், ஜூம் அதை நீக்கியது. ஆப்பிளும் தன் பங்குக்கு, பயனாளர்கள் எதுவும் செய்யத் தேவையில்லாத ஓர் அப்டேட்டை அனுப்பித் துடைத்தெடுத்தது.

ஒரே ஒரு க்ளிக்கை மிச்சப்படுத்தத்தான் இத்தனையும்.

ஹாஸ்டல் லேப்டாப்பும் இதே கதைதான்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்களுக்கு இது பாடத்திலேயே வரும் விஷயம், யாரும் சொல்லித் தருவதில்லை என்றாலும். டிபிஎம்எஸ் லேபுக்காக விண்டோஸ் லேப்டாப்பில் மைஎஸ்க்யூஎல் போட்டிருப்பீர்கள். இன்ஸ்டால் செய்யும்போது 'சிஸ்டம் ஆன் ஆகும்போதே ஸ்டார்ட் செய்' என்ற கட்டத்தில் முன்னாடியே டிக் இருக்கும். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' கொடுத்துவிட்டு வந்திருப்போம். செமஸ்டர் முடிந்து, அரியர் க்ளியர் செய்து, வேலைக்கும் போயாச்சு. லேப்டாப்பை ஆன் செய்யும் ஒவ்வொரு நாளும் அது சில நூறு எம்பி ரேமைப் பிடித்துக்கொண்டு, வராத கேள்விக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. எக்ஸாம்ப் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அதில் ஒரு பேனல் திறக்கும். 'ஸ்டார்ட்' பட்டனை நீங்கள் அழுத்தினால்தான் ஓடும்.

லினக்ஸ் உலகம் இதில் இரண்டு கட்சியாகவே பிரிந்திருக்கிறது. டெபியன், அதன் வழி வந்த உபுண்டு எல்லாம் ஒரு கட்சி. ஒரு வெப் சர்வரை இன்ஸ்டால் செய்தால், இன்ஸ்டால் முடிந்த கையோடு அது ஓடிக்கொண்டிருக்கும். 'ஓட்டுவதற்குத்தானே இன்ஸ்டால் செய்தாய்?' என்பது அவர்கள் வாதம். ரெட் ஹேட், ஃபெடோரா எதிர்க்கட்சி. இன்ஸ்டால் ஆகும், ஆனால் பெரும்பாலான சர்வீஸ்கள் சும்மா இருக்கும். இப்போது ஓட வேண்டுமென்றால் 'ஸ்டார்ட்' என்று ஒரு கட்டளை, ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதும் ஓட வேண்டுமென்றால் 'எனேபிள்' என்று இன்னொன்று. இரண்டையும் நீங்கள் சொல்ல வேண்டும்.

புதிதாகக் கற்பவருக்கு டெபியன் வழி இனிக்கும். இன்ஸ்டால் செய்தோம், பிரவுசரில் பக்கம் வந்துவிட்டது, சூப்பர். ஆனால் பாஸ்வேர்டு வைப்பதற்கும், யார் உள்ளே வரலாம் என்று எழுதுவதற்கும் முன்பே கதவு திறந்துவிடுகிறது. இன்ஸ்டாலுக்கும் செட்டிங்ஸுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களை, டீ குடிக்கப் போனால் ஒரு மணி நேரத்தை, யார் காவல் காப்பது? என் ஓட்டு எதிர்க்கட்சிக்குத்தான். டெபியன் அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே ஓர் உதாரணம். 'மெம்கேஷ்டு' என்று வெப்சைட்களை வேகமாக்கும் ஒரு சர்வீஸ். அதில் யுடிபி என்ற ஒரு வாசல் முன்கூட்டியே திறந்தே இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை. தேவையில்லாததால் யாரும் பார்க்கவும் இல்லை. 2018 பிப்ரவரி 28 அன்று, இப்படி இன்டர்நெட்டில் திறந்து கிடந்த மெம்கேஷ்டு சர்வர்களைப் பயன்படுத்தி கிட்ஹப் மீது தாக்குதல் நடந்தது. அந்த வாசலில் ஒரு பைட் கேள்வியைப் போட்டால் 51,000 பைட் வரை பதில் வெளியே வரும். அந்தப் பதிலையெல்லாம் கிட்ஹப் பக்கம் திருப்பிவிட்டார்கள். விநாடிக்கு 1.35 டெராபிட். அதுவரை பதிவானவற்றில் ஆகப் பெரிய தாக்குதல். கிட்ஹப் சில நிமிடங்கள் தடுமாறி எழுந்துவிட்டது. அடுத்து வந்த மெம்கேஷ்டு பதிப்பில் அந்த வாசலை முன்கூட்டியே மூடி அனுப்பினார்கள். நிரலில் பெரிய மாற்றமெல்லாம் இல்லை. 'ஆன்' என்று இருந்ததை 'ஆஃப்' என்று மாற்றினார்கள்.

அப்போ எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடலாமா?

அதைத்தான் பல போன் கம்பெனிகள் செய்தன. ஆண்ட்ராய்டு போட்ட கடிவாளம் போதாது என்று, தங்கள் போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒரு சொந்த சுவிட்சை வைத்தார்கள். வாட்ஸ்அப் போன்ற பெரிய ஆப்களுக்குப் பல போன்களில் அது ஆன். நேற்று இன்ஸ்டால் செய்த, பெயர் தெரியாத சின்ன ஆப்புக்கு ஆஃப். பேட்டரி நிற்கும், விளம்பரத்தில் சொல்லிக்கொள்ளலாம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

இனி அப்பா கதை. அவருக்கு பிபி மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ராத்திரி மாத்திரையை மறந்துவிடுவார். போன வருடம் அவர் போனில் ஒரு மாத்திரை நினைவூட்டல் ஆப்பைப் போட்டு, எட்டு மணிக்கு அடிக்கும்படி வைத்துக்கொடுத்தேன். இரண்டு மாதம் ஒழுங்காக அடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது பேச்சுவாக்கில் சொன்னார்: "என்னம்மா, போன் ஞாபகப்படுத்தும்னு சொன்ன. அது ஒரு வாரமா வாயே திறக்கலையே." அடிக்காததால், மாத்திரை நேரம் ஆகவில்லை என்று நினைத்து, சாப்பிட்டுப் படுத்திருக்கிறார். ஆறு ராத்திரி.

ஊருக்குப் போய் போனை வாங்கிப் பார்த்தேன். ஆப் இருந்தது. எட்டு மணி என்று அதில் எழுதியும் இருந்தது. சிஸ்டம் அப்டேட் ஆகி போன் ரீஸ்டார்ட் ஆன தேதியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஆண்ட்ராய்டில், ஆப்கள் வைக்கும் அலாரங்கள் போன் அணைந்தால் அழிந்துவிடும். போன் திரும்ப ஆன் ஆனதும், ஆப் எழுந்து வந்து, 'எட்டு மணிக்கு என்னைக் கூப்பிடு' என்று மறுபடி பதிவு செய்ய வேண்டும். அதற்காகத்தான் 'போன் ஆன் ஆகிவிட்டது' என்ற அறிவிப்புக்கு ஆண்ட்ராய்டு 8 விதிவிலக்கு கொடுத்தது. அப்பா போனில் அந்த ஆப்புக்கு ஆட்டோஸ்டார்ட் ஆஃப். அறிவிப்பு அதன் காதிலேயே விழவில்லை. கரன்ட் போய் வந்த பிறகு ஓடாத ஃப்ரிட்ஜ்.

போனோடு வரும் கடிகார ஆப்புக்கு இந்தப் பிரச்னை வராது. அது போன் கம்பெனியின் சொந்தப் பிள்ளை. அதனால்தான் காலை அலாரம் ஒழுங்காக அடிக்கும்போது, மாத்திரை ஆப் மட்டும் ஊமையாகிவிட்டதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஐபோனில் ஆப்கள் நினைவூட்டலை சிஸ்டத்திடமே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. நேரம் வந்தால் சிஸ்டமே அடிக்கும், ஆப் விழித்திருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் இதுதான் சரியான வடிவமைப்பு.

இது எங்கள் வீட்டுப் பிரச்னை மட்டுமல்ல. எந்த கம்பெனி போன் ஆப்களை எவ்வளவு கடுமையாகக் கொல்கிறது என்று தரவரிசை போடவே, 'டோன்ட் கில் மை ஆப்' என்ற பெயரில் ஆப் தயாரிப்பாளர்கள் ஒரு வெப்சைட் நடத்துகிறார்கள். உங்கள் போன் மாடலுக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

உங்கள் போனில் இப்போதே பார்க்க...

ஒவ்வொரு ஆப்பையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'நான் தூங்கும்போது இது ஓடாவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்?' மாத்திரை, அலாரம், வீட்டுக்குத் தனியாக வரும் தங்கையின் லைவ் லொகேஷன், வேலை செய்யும் இடத்தின் ஆன்-கால் ஆப் என்றால் நஷ்டம் உண்டு. அவற்றை ஆன் செய்யுங்கள். மற்றதெல்லாம் ஆஃப். யோசிக்க வேண்டியிருந்தாலே ஆஃப்தான்.

ஷாவ்மி, விவோ போன்களில் ஆப் அனுமதிகள் பகுதியில் 'ஆட்டோஸ்டார்ட்' பட்டியல் இருக்கும். ஓப்போ, ரியல்மீ, ஒன்பிளஸ் என்றால் ஆப்பின் பெயரை அழுத்திப் பிடித்து, 'ஆப் இன்ஃபோ' போய், பேட்டரி பகுதியில் 'ஆட்டோ லாஞ்ச்' என்று தேடுங்கள். சாம்சங்கில் பேட்டரி பகுதியில் பின்னணிப் பயன்பாட்டுக்கான பட்டியல்கள் இருக்கும்: தூங்கும் ஆப்கள், ஆழ்ந்து தூங்கும் ஆப்கள், தூங்கவே தூங்காத ஆப்கள். கூப்பன் ஆப்பை இரண்டாவதில் தள்ளுங்கள். மாத்திரை ஆப்பை மூன்றாவதில் வையுங்கள். மெனு பெயர்கள் அப்டேட்டுக்கு அப்டேட் மாறும், அதனால் செட்டிங்ஸின் தேடும் கட்டத்தில் 'ஆட்டோ' என்று அடித்துப் பார்ப்பதே சுலபம். புது ஆண்ட்ராய்டு போன்களில் 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' என்ற அனுமதியும் இருக்கிறது. நினைவூட்டும் ஆப்புக்கு அது ஆன் ஆகியிருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷன் திரையை முழுதாக இழுத்தால், இப்போது பின்னணியில் எந்த ஆப்கள் வெளிப்படையாக ஓடுகின்றன என்ற எண்ணிக்கை அடியில் தெரியும். அதைத் தொட்டால் 'ஸ்டாப்' பட்டன் வரும்.

செய்யத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. சமீபத்தில் திறந்த ஆப்களை வரிசையாக மேலே தள்ளித் தள்ளி மூடிக்கொண்டே இருப்பது. அதனால் பேட்டரி மிச்சமாகாது என்று ஆப்பிளின் மென்பொருள் தலைவரும், ஆண்ட்ராய்டின் அன்றைய தலைவரும் 2016-லேயே சொல்லிவிட்டார்கள். 'போன் க்ளீனர்', 'பூஸ்டர்' ஆப்களையும் விட்டுவிடுங்கள். மற்ற ஆப்கள் பின்னணியில் ஓடுகின்றனவா என்று பார்க்க, அவை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்!

விண்டோஸ் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் எது எது லேப்டாப்போடு எழுகிறது, எது அதிகம் தாமதப்படுத்துகிறது என்று எழுதியே இருக்கும். பழைய டேட்டாபேஸ் மாதிரி ஆசாமிகள் அங்கே இருக்க மாட்டார்கள். 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, அதில் 'ஆட்டோமேட்டிக்' என்பதை 'மேனுவல்' ஆக்குங்கள். பெயர் புரியாததில் கை வைக்காதீர்கள், விண்டோஸுக்கே தேவையானவையும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். மேக்கில் 2022-க்குப் பிந்தைய பதிப்புகளில், புதிதாக ஒரு ஆப் தன்னைப் பின்னணியில் சேர்த்துக்கொண்டால் மூலையில் ஓர் அறிவிப்பு வரும். அதைப் பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள். 'லாகின் ஐட்டம்ஸ்' பகுதியில் ஆஃப் செய்துகொள்ளலாம்.

கடைசியாக, நினைவூட்டும் ஆப் எதை ஆன் செய்தாலும் சோதித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் தள்ளி ஒரு நினைவூட்டலை வைத்துவிட்டு, போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். திரையைத் திறந்து பூட்டு நீக்குங்கள், ஆனால் அந்த ஆப்பைத் தொடாதீர்கள். காத்திருங்கள்.

அப்பா போனில் அன்றைக்கு ஏழு ஐம்பதுக்கு ரீஸ்டார்ட் செய்தோம். அப்பா தண்ணீர் டம்ளரும் மாத்திரை அட்டையுமாக எதிரில் உட்கார்ந்திருந்தார். நியூஸ் பார்த்துக்கொண்டிருந்த அம்மா டி.வி-யின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். எட்டு மணிக்கு அடித்தது.